காணாமல் போன தோட்டாப் பெட்டி

நான் சொன்னால் புளுகு என்பீர்கள், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். எங்கள் கல்குவாரியின் வெடிக்கிடங்கில் பாறை உடைக்கும் வெடித்தோட்டா ஒரு பெட்டியைக் காணோம்.

"தீவிரவாதிக்கு வித்துட்டான் சார்!" தன் கார்மேல் சாய்ந்தபடி வாட்ச்மேன் சப்பாணியைக் காட்டினார் மேனேஜர் ரெங்கராஜன்.

"பெட்டி வரணும், இல்லாட்டி ஜெயில்" என்றார் இன்ஸ்பெக்டர்.

கிடங்குப் பக்கம் செல்போன் கூடாது; எல்லோர் போனும் அவரவர் வண்டியில் இருந்தது. சப்பாணி மட்டும் மடியிலிருந்து எதையோ எடுத்துக் காதில் வைத்தான்.

"அது கெட்டுப்போன சரக்கு சாமி. பக்கத்துல போன் மணி அடிச்சாலே வெடிச்சிரும். மேனேஜர் ஐயா நம்பருக்கு அடிக்கட்டுங்களா?"

"அடிக்காதடா!" மேனேஜர் காரை விட்டு ஓடினார், செருப்பு மட்டும் கார் பக்கம் நின்றது. டிக்கியைத் திறந்தால் பெட்டி இருந்தது.

"உனக்கு மட்டும் ஏதுடா போன்?" இன்ஸ்பெக்டர் சந்தேகமாக முறைத்தார்.

சப்பாணி கையை நீட்டினான். வெற்றிலை டப்பா.