கழுதைப்புலியின் குடிநீர்த் துறை

தாழங்குளத்தில் பிறந்து, தாழங்குளத்திலேயே வளர்ந்து, அந்நீரன்றி வேறு நீர் அறியாத திருவாளர் பாறைமுதுகர் என்னும் ஆமையாருக்கு, இவ்வழக்கு தொடங்கிய ஆண்டில் அகவை நூற்றுப் பதினான்கு.

முன்னாளில் அக்குளத்தின் அடிமணலை மேலிருந்தே காணலாம். விடியலில் கெண்டைக் குஞ்சுகள் அவர் கழுத்தோரத்துப் பாசியைக் கொறிக்கும். அந்தக் கூச்சத்தில் கண்களை மூடியபடி மிதந்து கிடப்பார். பிற்பாடு மேட்டுக்கரையில் கழுதைப்புலி எலும்பு காய்ச்சிப் பசை எடுக்கும் பட்டறையை வைத்தது. அதன் கழிவு, ஓடை வழியே குளத்தில் இறங்கியது. நீர் கறுத்தது, கெண்டைகள் செத்து மிதந்தன. இன்னொரு கோடையைக் குளம் தாங்காது என்பது ஆமையாருக்குத் தெரிந்தது. வேறு குளம் தேடி நடக்கும் வலுவோ அவரிடம் இல்லை.

யானை நடுவரிடம் முறையிட்டார். அவ்வாரமே கிளிகள் காடெங்கும் செய்தி பரப்பின: "நரி சகோதரர் வழக்குரைஞர் நிலையம், சுற்றுச்சூழல் வழக்குகளுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கியுள்ளது. முதல் கட்சிக்காரர் கழுதைப்புலியார்."

"நமக்காகத் தொடங்கினார்களோ என்று ஒரு கணம் மகிழ்ந்துவிட்டேன் அண்ணா" என்றாள் தவளை பச்சையம்மாள்.

"நாமென்ன கூலியாக எலும்பா கொடுக்கப் போகிறோம், தங்கச்சி?" என்றார் ஆமையார்.

விசாரணை நாள் வந்தது. கழிவுநீர் தீங்கற்றது என்று மெய்ப்பித்தால் போதும் என்பது காட்டுச் சட்டம். அதற்குமேல் ஒரு சொல்லும் பேசாதே என்று மூத்த நரி எச்சரித்திருந்தது. ஆனால் புதுப்பிரிவின் தலைமை இளைய நரிக்கு. கூடியிருந்த கூட்டத்தைக் கண்டதும் அதன் நாக்கு நீண்டது.

"கனம் நடுவர் அவர்களே, தீங்கற்றது என்பது என் கட்சிக்காரரைக் குறைத்துச் சொல்வதாகும். அது இளநீருக்கு நிகர். அதைக் குடிக்கக் குளத்தார் கொடுத்து வைத்திருக்க வேண்டும்."

"போதும், உட்காரடா" என்று மூத்த நரி வாலைப் பிடித்து இழுத்தது.

"நாள்தோறும் குடித்தால் ஆயுள் கூடும்" என்று முடித்துவிட்டே இளையது அமர்ந்தது.

"பெரியவரே, உமது மறுப்பு என்ன?" என்றது யானை.

"மறுப்பில்லை ஐயா. வக்கீல் தம்பி சொன்னதை அப்படியே ஏற்கிறேன்."

"மனிதர் காரியத்தைக் கெடுத்தார்" என்று பச்சையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "மனிதரா? ஆமை, அம்மா" என்று திருத்தியது அருகிலிருந்த நண்டு.

ஆமையார் தொடர்ந்தார். "அத்தனை நல்ல நீரை நாங்கள் மட்டும் குடிப்பது முறையன்று. கழிவு விடுகிறவர் எவராயினும், தம் குடிநீர்த் துறையை அக்கழிவு கலக்கும் இடத்துக்குக் கீழேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று விதி செய்யுங்கள்."

கழுதைப்புலி பதறியது. "வக்கீல் ஐயா, நான் மேலேயுள்ள சுனையிலல்லவா குடிக்கிறேன்? ஏதாவது சொல்லுங்கள்."

"சொல்ல வேண்டியதற்கு மேலேயே சொல்லியாயிற்று" என்றது மூத்த நரி, தம்பியை முறைத்தபடி.

யானை அதையே விதியாக்கிற்று. கழுதைப்புலி ஒரே மிடறு குடித்தது. மறுநாளே வண்டல் குழிகள் வெட்டி, கழிவை மணலில் வடித்துவிடத் தொடங்கியது.

குளம் மெல்லத் தெளிந்தது. அந்நீரில் ஆமையார் தம் முகத்தைக் கண்டபோது, முன்பு கண்டதைவிட அது வெகுவாக மூத்திருந்தது. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தான் கழிக்கும் நீரைத் தானே குடிக்க நேரும் என்றறிந்தவனே பிறர் குளத்தைக் காப்பான் என்னும் இந்நீதி, காட்டில் தீர்ப்பாக நிலைபெற்ற நாள் ஐப்பசித் திங்கள் ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை.