சடையாண்டிக்கு எத்தனை கலோரி

ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில், எந்த நோயாளிக்கு எவ்வளவு சாப்பாடு என்று கணக்குப் பார்த்துச் சொல்ல மூன்று பேர் இருந்தார்கள். தலைவர் ஆவுடைநாயகம். அவருக்குக் கீழே மரகதவல்லி, ஞானதுரை. மூவரும் சொன்னதைச் செய்வார்கள். சொன்னதை மட்டும்தான் செய்வார்கள்.

அரிசி மண்டியில் மூட்டை தூக்கும் சடையாண்டி வலது கால் உடைந்து, மாவுக்கட்டோடு அங்கே வந்து படுத்தார். பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, "படுத்தே கிடந்தா ஆயிரத்து ஐநூறு கலோரி போதும். நடமாட்டம் இருந்தா இன்னும் அறுநூறு சேத்துக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலையில் மூன்று இட்லி வந்தது. பத்து இட்லி சாப்பிட்டுப் பழகிய மனிதர், பசி தாங்கவில்லை என்று கெஞ்சினார்.

மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசித்தார்கள். நடமாட்டம் இருந்தால்தான் கூடக் கொடுக்கலாம். அவரால் நடக்க முடியாது. ஆகவே கட்டிலோடு தூக்கிக்கொண்டு நடப்பது என்று முடிவாயிற்று. ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து வார்டைப் பத்துச் சுற்று வந்தார்கள். நாலாவது மூலைக்கு ஆள் இல்லாததால் அது தரையைக் கீறிக்கொண்டே வந்தது.

அறுநூறு கலோரியும் வந்து சேர்ந்தது. பொங்கல், வடை, அவித்த முட்டை. தட்டை நீட்டப்போன ஞானதுரைக்கு ஒரு சந்தேகம்.

"சார், இப்ப நடந்தது யாரு?"

ஆவுடைநாயகம் யோசித்தார். "நாமதான்."

"இவரு படுத்துக்கிட்டுத்தானே இருந்தாரு," என்றார் மரகதவல்லி.

நடந்தவர்களுக்குத்தானே அந்த அறுநூறு. மூவரும் பகிர்ந்து சாப்பிட்டார்கள். சடையாண்டி வடையைக் கடைசித் துண்டு வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படியே பத்து நாள் போயிற்று. மூவருக்கும் கன்னம் உப்பியது. சடையாண்டிக்கு விலா எலும்பு எண்ணும்படி ஆனது. எடை ஐந்து கிலோ இறங்கியிருப்பதைப் பார்த்து டாக்டர் பதறிவிட்டார். என்ன செய்வீர்களோ தெரியாது, ஒரு வாரத்தில் அந்த ஐந்து கிலோ ஏறியாக வேண்டும் என்று உத்தரவு போட்டார். இனிமேல் சோறு வந்துவிடும் என்று சடையாண்டிக்குக் கண் கலங்கியது.

வாரம் கழிந்தது. எடை அட்டையில் சரியாக ஐந்து கிலோ ஏறியிருந்தது. டாக்டர் மகிழ்ந்துபோய்ப் போர்வையை விலக்கினார். இரண்டு காலிலும் மாவுக்கட்டு.

"இடது காலுக்கு என்ன ஆச்சு?"

"அது நல்ல கால்தான் சார், எடைக்காகப் போட்டது," என்றார் ஆவுடைநாயகம் பணிவோடு. "ரெண்டு கையும் இன்னும் சும்மாதான் இருக்கு. எத்தனை கிலோ வேணும்னு சொல்லுங்க."