யானைக்குத் திகட்டிய அல்வா

அந்தக் காலத்தில் யானையும் காக்கையும் நம்மைப் போலவே பேசின. பேசியதோடு நிற்காமல், தின்கிற பண்டத்துக்கெல்லாம் குறையும் சொல்லின.

அப்போது திருநெல்வேலியில், தேர் நிற்கும் இடத்துக்கு எதிரே ஆவுடையம்மாள் அல்வாக் கடை வைத்திருந்தாள். சம்பாக் கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பால் பிழிந்து, தாமிரபரணித் தண்ணீர் விட்டுக் கிண்டுவாள். குடித்த நெய்யை அல்வா திரும்பக் கக்கும்வரை துடுப்பைக் கீழே வைக்க மாட்டாள். "என் கைப்பக்குவம் பாதி, ஆத்துத் தண்ணி பாதி" என்று அடக்கமாகத்தான் சொல்லுவாள். முகத்தைப் பார்த்தால், கைப்பக்குவத்துக்கு முக்கால் பங்கு எடுத்துக்கொண்டது தெரிந்துவிடும்.

அடுத்த கடையில் சுடலைக்கண்ணு காராச்சேவு போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவர் கடை மிளகு நெடி தன் அல்வாவில் ஏறுகிறது என்பது அவள் புகார். அவள் கடை எறும்பெல்லாம் தன் கூடைக்கு வருகிறது என்பது அவர் புகார். ஏதாவது சொல்லியே தீரவேண்டும் என்றால், நடுச்சுவரில் உட்கார்ந்திருந்த காக்கையிடம் சொல்லுவார்கள். "ஏ காக்கா, அந்தாளுகிட்டக் கூடையத் தள்ளி வைக்கச் சொல்லு." தூது போன கூலிக்கு அல்வாவும் சேவும் மாறி மாறித் தின்று காக்கை நன்றாகக் கொழுத்திருந்தது.

ஆனித் தேரோட்டம் பார்க்க மதுரைப் பக்கமிருந்து ஒரு யானை வந்தது. ஊர் ஊராக நடக்கிற யானை. அது நன்றாயிருக்கிறது என்று சொன்ன பண்டத்தைத் தேடி ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு போவார்கள். அது முகம் சுளித்ததை அப்புறம் எவரும் சீண்ட மாட்டார்கள்.

"உங்க ஊரு அல்வாவை இம்புட்டுப் பேசுறாய்ங்களே, வையி ஆத்தா, பாப்போம். ஆனா நல்ல பண்டம்னா இன்னொரு இலை கேக்கத் தோணணும். எனக்குத் தோணலைன்னா போற ஊரெல்லாம் அதைச் சொல்லுவேன்" என்றது யானை.

ஆவுடையம்மாளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க கேக்காமப் போனீங்கன்னா இந்த அல்வாக் கொப்பரைய இன்னைக்கே கவுத்துருதேன். இனி இந்தக் கை துடுப்பைத் தொடாது" என்றாள். அதைக் கேட்டுக் கூட்டம் கூடிவிட்டது.

அங்கேதான் அவள் தப்புச் செய்தாள். விருந்தாளிக்கு அளந்து வைக்கிற பழக்கம் அந்த ஊரில் யாருக்கும் கிடையாது. கையகல இலையில் ஒரு விள்ளல் வைக்க வேண்டியவள், தலைவாழை இலையை விரித்து, சுடச்சுட அள்ளி அள்ளிக் கொட்டினாள்.

முதல் வாயில் யானைக்குக் கண் தானாகவே மூடிக்கொண்டது. மெல்ல வேண்டிய வேலையே இல்லாமல் அல்வா வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. ஆவுடையம்மாள் பூரித்துப்போய் நின்றாள். ஆனால் பாதி இலையில் யானைக்கு வேகம் குறைந்தது. இலை காலியானபோது தும்பிக்கை துவண்டு தொங்கியது.

"திகட்டிருச்சு ஆத்தா. யானைக்கே திகட்டுனா மனுசன் எப்பிடித் திம்பான்? இம்புட்டுத்தான் உங்க ஊரு!"

ஆவுடையம்மாள் அழுதுகொண்டே முந்தானையைச் சுருட்டிப் பிடித்து, கொப்பரையின் காதைப் பற்றினாள்.

சுடலைக்கண்ணு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கொப்பரை கவிழ்ந்தால் தேர்க்கூட்டம் மொத்தமும் இனி அவர் கடைக்குத்தான். உள்ளுக்குள் கொஞ்சம் குளிரவும் செய்தது. ஆனால் 'இம்புட்டுத்தான் உங்க ஊரு' என்ற பேச்சு அவருக்குச் செரிக்கவில்லை. அவளை அவர் ஆயிரம் சொல்லுவார், அது வேறு. வெளியூர் யானை வந்து ஊரைச் சொல்வதா?

ஒரு கை காராச்சேவை அள்ளிக்கொண்டு விடுவிடுவென்று வந்தார். "வே யானை, தும்பிக்கைய நீட்டும். இத மென்னு முழுங்கிட்டுப் பொறவு பேசும்!"

யானை வாங்கி வாயில் போட்டது. நொறுநொறுவென்று சத்தம் தெருக்கோடிவரை கேட்டது. உப்பும் மிளகும் சுரீரென்று பட்டதும், நெய்யில் மழுங்கிக் கிடந்த நாக்கு விழித்துக்கொண்டது. எச்சில் ஊறியது. யானை ஓரக்கண்ணால் கொப்பரையைப் பார்த்தது.

"ஆத்தா, அதைக் கவுத்துறாத."

"ஏன்?"

"இன்னொரு இலை வையி."

தெருவே ஆர்ப்பரித்தது. ஆவுடையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்தத் தடவை சின்ன இலையில் ஒரே ஒரு விள்ளல் வைத்தாள். அது தீர்ந்ததும் சுடலைக்கண்ணு ஒரு பிடி சேவு கொடுத்தார். மறுபடி விள்ளல், மறுபடி சேவு. தேர் நிலைக்கு வந்து சேர்ந்த பிறகும் யானை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. ஒருவழியாகக் கிளம்பியபோது, "இப்பிடி ஒரு ஊர நான் பாத்ததில்ல" என்று சொல்லிக்கொண்டே போயிற்று. போன ஊரிலெல்லாம் அதையே சொல்லிற்று.

கடை கட்டும் நேரத்தில் ஆவுடையம்மாள் நடுச்சுவர் அருகே வந்தாள். காக்கை தூதுக்குத் தயாராகக் கழுத்தை நீட்டியது. அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"அண்ணாச்சி, நாளையிலேருந்து கூடைய இந்தப் பக்கமே வச்சிருங்க" என்றாள்.

"எறும்பு வருமே, தங்கச்சி."

"வரட்டும். அதுவும் நம்ம ஊரு எறும்புதான."

அன்று முதல்தான் திருநெல்வேலியில் அல்வாவைச் சுடச்சுடச் சின்ன இலையில் விள்ளலாகத் தருகிறார்கள். தின்று முடித்தவர் உள்ளங்கையில், அவர் கேட்காமலே ஒரு கிள்ளு காராச்சேவும் வந்து விழுகிறது.