எழுப்பும் ஊசியா, அடக்கும் ஊசியா?

ஒரே ஊசியைப் பற்றி மூன்று பேர் மூன்று விதமாக முடிவெடுத்த கதை இது. ஊசி போட்டுக்கொண்டவர் வெள்ளகோவில் நாச்சிமுத்து. வயது அறுபத்தொன்பது. புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய், இடுப்பெலும்பையும் தொட்டுவிட்டது.

ஆண் ஹார்மோன்தான் இந்த நோய்க்குத் தீனி, அதை நிறுத்த வேண்டும் என்றார் டாக்டர். ஒன்று, விதைகளை அறுவையில் எடுத்துவிடலாம். இல்லையென்றால் மாதம் ஒரு ஊசி. எத்தனையோ காளைகளைக் காயடிக்கப் பிடித்துக் கொடுத்தவர் நாச்சிமுத்து. யோசிக்காமல் ஊசி என்றார்.

முதலில் ஒரு வாரம் மாத்திரை, பிறகு ஊசி. ஊசிக்குப் பின்னும் மூன்று வாரம் மாத்திரையை விடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். ஊசியே போட்டாயிற்று, மாத்திரை எதற்கு என்று இவர் அன்றே நிறுத்திவிட்டார்.

ஊசி போட்ட ஐந்தாம் நாள் இடுப்புவலி கூடியது. பார்க்க வந்த மைத்துனர் கருப்பண்ணன் ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர். ஊசி அட்டையைப் படித்ததும் அவர் முகம் மாறியது.

"மச்சான், இந்த வகையறா மருந்த நான் மாட்டுக்குப் போட்டிருக்கறனுங்க. சினை நிக்காத மாட்டுக்கு."

"எனக்கென்ன சினையா நிக்கோணும், மாப்ள?"

"சிரிக்காதீங்க. மூளைக்கு அடியில இருக்கற சுரப்பிய எழுப்பி உடற மருந்து இது. அடக்கற மருந்தில்லீங்க."

மறுநாள் ரத்தம் சோதித்தார்கள். ஹார்மோன், ஊசிக்கு முன் இருந்ததைவிடக் கூடியிருந்தது. "பாத்தீங்களா? அடுத்த ஊசியும் போட்டா நோய்க்கு நீங்களே தீனி போடறீங்க" என்றார் கருப்பண்ணன்.

நாச்சிமுத்துவின் மனைவி பாவாயி குறுக்கிட்டாள். "மாட்டுக்குப் போட்டா எத்தன நாளைக்குடா நிக்கும்?"

"ஒரு நாளு நின்னா பெருசுங்கக்கா."

"இவருக்குப் போட்டது மாசம் பூரா உள்ளயே இருந்து கொஞ்சங் கொஞ்சமாக் கரையுமாம். அப்பறம் ரெண்டும் ஒண்ணாகுமா?"

"மருந்து ஒண்ணுதானுங்களே. மாசம் பூராத் தட்டுனா மாசம் பூரா ஏறும்."

நாச்சிமுத்துவுக்குத் தலை சுற்றியது. டாக்டர் ஒன்று சொல்கிறார், பரிசோதனைத் தாள் வேறொன்று சொல்கிறது, வலியோ மைத்துனர் கட்சி. ஊசி தோற்றுவிட்டது, அறுவைக்கே போய்விடலாம் என்று முடிவெடுத்தார். ஊசியை நிறுத்தினால் போதும் என்றார் கருப்பண்ணன். வலியை இன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள், அடுத்த ஊசியையும் விடாதீர்கள் என்றாள் பாவாயி.

மூவரில் யார் சொன்னது சரி?

பாவாயி சொன்னதுதான். மூளை தனக்கு அடியில் இருக்கும் அந்தச் சுரப்பிக்கு விட்டுவிட்டுத்தான் கட்டளை அனுப்பும். ஒருமுறை தட்டினால் சுரப்பி விழித்துக்கொள்ளும். கருப்பண்ணன் மாட்டில் கண்டது அதுதான். ஓயாமல் தட்டினால் முதல் ஒன்றிரண்டு வாரம் துள்ளும், பிறகு காது கேளாததுபோல் ஆகிவிடும். விதைகளுக்குக் கட்டளை போகாது, ஹார்மோன் வற்றும். அந்த முதல் துள்ளல் நோயை எட்டாமல் மறிக்கத்தான் மாத்திரை; அதை நிறுத்தியதால்தான் வலி கூடியது. அறுவையும் ஹார்மோனை வற்ற வைக்கும்தான். ஆனால் ஊசி தோற்கவே இல்லையே. நாச்சிமுத்து அன்றே டாக்டரிடம் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டாம் ஊசி போட்ட நாளில் எடுத்த பரிசோதனையில் ஹார்மோன் அடிமட்டத்துக்கு வந்திருந்தது. கருப்பண்ணன் அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, அக்காவிடம் காபி கேட்டார்.