இடுப்பளவு

“ஆறு டன் இழுக்கிற வின்ச்சு தாயி! மூணு நாள் கடைக்காரனை உலுக்கியெடுத்து நாலு டன் விலைக்கு வாங்கியாந்தேன். என் வண்டியை இழுக்க மாட்டேங்குது!”

பவுன்ராசு போட்ட கூச்சலில் ஏலக்காய்த் தோட்டமே அதிர்ந்தது.

அவருடைய ஜீப் அச்சுவரை சேற்றில் புதைந்து கிடந்தது. எதிரே இரண்டு கல்யாண முருங்கை மரங்கள் வேரும் மண்ணுமாகச் சாய்ந்து கிடந்தன. ஜீப்பின் முன்னால் மாட்டியிருந்த இழுவை மிஷினான வின்ச்சின் கம்பியை ஒன்றில் கட்டி இழுத்தார், மரம் வந்தது. அடுத்ததில் கட்டினார், அதுவும் வந்தது. வண்டி மட்டும் வரவில்லை.

மேட்டில் கங்காணி நின்றார்.

“செடிக்கு நிழல் குடுக்கிற மரம்யா. மூணாவதும் சாஞ்சுச்சுன்னா, உன் ஜீப்பு இனி இந்த மலை ஏறாது. வேலையாள் ஏத்துறதுக்கு வேற வண்டி பாத்துக்குவேன்.”

இருபது வருஷப் பிழைப்பு. அதனால்தான் ஆக்னஸுக்கு ஆள் அனுப்பினார். மகள் வயசுக்காரிதான். ஆனால் அந்த மலையில் எவன் வண்டி சிக்கினாலும் முதலில் அவள் பெயரைத்தான் சொல்வான்.

“எட்டு டன்னா வாங்கியிருக்கணுமோ?” என்று அவளிடம் கேட்டார்.

ஆக்னஸ் விழுந்த மரத்தின் வேரைக் காலால் தட்டினாள்.

“மரத்துக்கிட்ட கேட்டீங்களாண்ணே, அது எத்தனை டன்னு தாங்கும்னு?”

 

அவள் மேட்டில் ஏறி, குதிகாலால் மிதித்து மிதித்துப் பார்த்தாள். கெட்டித் தரை தட்டுப்பட்டதும் ஒரு கோடு கிழித்தாள்.

“இங்க தோண்டுங்க. இடுப்பளவு.”

“இழுக்க மிஷின் வாங்கினவனைத் தோண்டச் சொல்றியே!”

அவள் ஜீப்பின் மாற்றுச் சக்கரமான ஸ்டெப்னியைக் கழற்றப் போய்விட்டாள்.

தோண்டினார்.

“முழங்கால் வந்துருச்சு. போதும்ல?”

“இடுப்பு.”

“சரி, தொடை. உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம்.”

“இடுப்பு.”

“தொடைக்கு மேல நாலு விரல். இதுக்கு மேல கேட்டா உனக்கே நல்லாருக்காது!”

“இடுப்புண்ணே.”

மண்வெட்டியை வீசி எறிந்தார். எத்தனை கல்லுளிமங்கன்களை வழிக்குக் கொண்டுவந்தவர்! ஏசினார், கெஞ்சினார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடிக்கக்கூடச் செய்தார்.

ஆக்னஸ் ஸ்டெப்னிமேல் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றாள்.

அவள் கொட்டை துப்பி முடிகிறவரை பார்த்திருந்துவிட்டு, மண்வெட்டியை அவரே போய் எடுத்துக்கொண்டார்.

இடுப்பு வந்தது.

ஸ்டெப்னியைக் குழிக்குள் நிறுத்தினாள். கம்பியை அதன் நடுத்துளையில் நுழைத்து, பின்பக்கம் கடப்பாரையைக் குறுக்கே கொடுத்து மாட்டினாள். மண்ணைத் தள்ளி, இருவரும் மிதித்து இறுக்கினார்கள். கம்பிமேல் ஈரச் சாக்கைப் போட்டுவிட்டு எல்லாரையும் ஒதுங்கச் சொன்னாள்.

வின்ச்சு முனகியது. கம்பி விறைத்தது. புதைத்த ஸ்டெப்னி இடத்தைவிட்டு அசையவில்லை.

சேறு ‘சளக்’கென்று வாயைத் திறந்தது. ஜீப் அசைந்தது, மெல்ல, நாலு சக்கரமும் கெட்டித் தரைக்கு ஏறி வந்தது. மூணாவது மரத்தில் ஓர் இலைகூட உதிரவில்லை. கங்காணி காப்பி வாங்கி அனுப்பினார்.

தலைமுதல் கால்வரை சேறோடு, பவுன்ராசு சிரித்தபடி காப்பியை உறிஞ்சினார்.

“ஆனாலும் தாயி, ஒரு விரக்கடைகூடக் கொறைக்கலையே நீ! என்ன பொம்பளை, அசையவே மாட்டேன்னுட்டே!”

“நான் அசைஞ்சிருந்தா, வண்டி எப்படிண்ணே அசைஞ்சிருக்கும்?”