மேனேஜர் கொடுத்த அனுமதி

திருப்பூர் பனியன் கம்பெனி மேனேஜர் சிவமலைக்கு வயிறு எரிந்தது. மெயிலில் வரும் ஆர்டரெல்லாம் தானாகவே கிளவுடில் போய்ச் சேரும்படி செய்துவிட்டாள், போன மாசம் சேர்ந்த கிளார்க் நவமணி. முதலாளி வாயைத் திறந்தால் அவள் பெயர்தான்.

“அந்த இணைப்பு என் கிளவுட் கணக்குலதான் இருக்கணும்,” என்று முதலாளியின் எதிரிலேயே அடம்பிடித்தார் சிவமலை.

“சரிங்க சார். உங்க ஃபோல்டரையெல்லாம் பார்க்க அனுமதி கேட்கும். வாசிச்சுட்டு அழுத்துங்க,” என்றாள் நவமணி.

“எனக்கே பாடமா?” வாசிக்காமலே அழுத்தினார்.

அவருடைய ஃபோல்டர்களெல்லாம் முதலாளி அறையின் பெரிய திரையில் வரிசைகட்டி நின்றன. நடுவில் ஒன்று: ‘நவமணி செய்த தப்புகள்’.

முதலாளி அதைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒன்றுமில்லை.

நவமணி பணிவாகக் கேட்டாள்: “இது காலியாத்தான் இருக்குங்க சார். ஆர்டரையெல்லாம் இதுலயே போட்டுடலாமுங்களா?”