குடம் சிவந்த கதை

நீலங்குடி ராஜ்ஜியத்தில் விஷக்காய்ச்சல் பரவியபோது, அரண்மனை வைத்தியர் தில்லைவிடங்கர் தன் கஷாயம் ஒன்றே மருந்து என்றார். வைத்தியசாலையில் நோயாளிகளைக் கவனித்த பேச்சி, மலைக்காரர்களின் வேர்ப்பொடியையும் கொடுத்துப் பார்க்கலாம் என்றாள்.

"எது நல்லதென்று நீயே கண்டுபிடி. ஆனால் மட்டமான மருந்துக்கு அதிகம் பேரைப் பலி கொடுக்கக் கூடாது" என்று பேச்சியிடம் சொன்னார் ராஜா.

"யாருக்கு எது என்று நான் பிரித்துக் கொடுக்கிறேன்" என்றார் வைத்தியர்.

"வேண்டாங்கய்யா. திடமானவங்க எல்லாம் உங்க கஷாயத்துக்கே வந்துடுவாங்க" என்றாள் பேச்சி.

அவள் ஒரு குடத்தில் கஷாயத்துக்குக் கறுப்பு மணியும் பொடிக்குச் சிவப்பு மணியும் ஒவ்வொன்று போட்டாள். நோயாளிகள் கண்ணை மூடி ஒரு மணியை எடுத்து, அதற்குரிய மருந்தை வாங்கிக்கொண்டு, மணியைத் திரும்பப் போட்டார்கள். ஒருவர் தேறினால், அவரைத் தேற்றிய மருந்தின் நிறத்தில் இன்னொரு மணி சேர்த்தாள். போகப்போகக் குடத்தில் சிவப்பு பெருகியது. பலருக்கும் பொடியே கிடைத்தது, சாவு குறைந்தது.

"குடத்துக்கு என்ன வைத்தியம் தெரியும்?" என்று கேலி செய்த வைத்தியருக்கும் காய்ச்சல் வந்தது. ராஜா பார்த்துக்கொண்டிருக்க, பேச்சி குடத்தை நீட்டினாள். அவர் கண்ணை மூடவில்லை. உள்ளே எட்டிப் பார்த்து, சிவப்பு மணியாகப் பொறுக்கி எடுத்தார்.

பேச்சி குடத்தைக் கீழே வைத்தாள்.

"இனி இது வேண்டாம் மகாராஜா. எல்லாருக்கும் பொடியே கொடுத்துடலாம். வைத்தியரய்யாவே தீர்ப்பு சொல்லிட்டாங்க."